காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா?

பனைமரத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்கிறது. அதே நொடியில் ‘தொப்’பென்று ஒரு பனம்பழம் கீழே விழுகிறது. பார்த்துக்கொண்டிருந்தவர் என்ன சொல்வார்? “காக்கைதான் தள்ளிவிட்டது” என்பார். காக்கையின் எடை அரைக் கிலோகூட இராது. பனம்பழமோ ஒரு கிலோவுக்கும் மேல் இருக்கும். நன்றாகப் பழுத்துக் காம்பு இற்றுப்போன பழம் அன்றோ மறுநாளோ எப்படியும் விழுந்திருக்கும். அதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு நிகழ்ச்சிகள் நடந்துவிட்டால், முன்னதே பின்னதற்குக் காரணம் என்று முடிவுகட்டி விடுகிறோம்.

மாணவ நண்பர்களே! இந்தப் பழமொழி கணிப்பொறிக்கும் பொருந்தும். உங்கள் வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று இருக்கலாம். அண்ணனோ அக்காவோ பன்னிரண்டாம் வகுப்பில் படித்தபோது, 2011ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்றதாகவும் அது இருக்கலாம். நேற்றுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இன்று புதிய மென்பொருள் ஒன்றை நிறுவினீர்கள். பாதியில் திரை இருண்டது. மறுபடியும் போட்டீர்கள், மறுபடியும் நின்றது. “அந்த மென்பொருள்தான் கெடுத்துவிட்டது!” என்கிறீர்கள். கடைக்காரரோ, “எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்” என்கிறார். இன்னொருவர், “மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள்” என்கிறார்.

இவற்றுள் எது உண்மை? காக்கையா, காம்பா? இதை ஊகத்தால் அறிய முடியாது, சோதனையால் அறியலாம். எப்படி என்று காண்போம்.

மயக்கத்தில் நான்கு வகை

காய்ச்சல் என்று போனால் மருத்துவர் உடனே மருந்து எழுதுவதில்லை. “எப்போது வருகிறது? குளிருடன் வருகிறதா? விட்டு விட்டு வருகிறதா?” என்று கேட்கிறார். நாமும் முதலில் மடிக்கணினி எப்படி மயங்கி விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதல் வகை: மின்சாரம் நின்றாற்போல் சட்டென்று இருண்டு போதல். அறிவிப்பு எதுவும் வராது. பெரும்பாலும் இது சூட்டின் வேலை. அல்லது மின்கலம், சார்ஜர் இவற்றின் கோளாறு.

இரண்டாம் வகை: நீலத்திரை. விண்டோஸ் இயங்குதளம் தன்னால் மேற்கொண்டு பாதுகாப்பாக இயங்க முடியாது என்று கண்டால், ஒரு பிழைக் குறியீட்டை எழுதிக்காட்டி நின்றுவிடுகிறது. சாதன இயக்கி எனப்படும் டிரைவர் மென்பொருளோ, நினைவகமோ, வன்தட்டோ இதற்குக் காரணமாகலாம். அந்தக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அது நல்ல தடயம்.

மூன்றாம் வகை: உறைந்து போதல். சுட்டி நகராது, வன்தட்டின் சிறு விளக்கு மட்டும் விடாமல் மின்னும். இது நினைவகப் பற்றாக்குறையாகவோ, வன்தட்டுத் தேய்மானமாகவோ இருக்கலாம்.

நான்காம் வகை: இயந்திரம் நன்றாக இருக்கும், புதிய நிரல் மட்டும் திறந்தவுடன் மூடிக்கொள்ளும். பிராசசர் எனப்படும் மையச் செயலகத்துக்குத் தெரியாத கட்டளைகளைப் புதிய நிரல் பயன்படுத்தினால் இப்படி நேரும். எடுத்துக்காட்டாக, 2011இல் வெளிவந்த பிராசசர்களில் ஏவிஎக்ஸ் என்னும் புதிய கட்டளைத் தொகுதி சேர்ந்தது. அதை எதிர்பார்க்கும் நிரல், அதற்கு முந்திய பிராசசரில் ஓடாது. இங்கே பழுது என்று எதுவும் இல்லை, பொருத்தம்தான் இல்லை. பழைய பதிப்பைத் தேடி நிறுவுவதே வழி.

காக்கையே தள்ளிய நாள்

மென்பொருள் ஒருபோதும் குற்றவாளி ஆகாது என்று எண்ணிவிட வேண்டாம். சில வேளைகளில் காக்கையே பழத்தைத் தள்ளுவதும் உண்டு.

2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனம், தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறிய புதுப்பிப்புக் கோப்பை இணையம்வழி அனுப்பியது. இந்திய நேரம் காலை 9.39க்கு அது வெளியாயிற்று, 10.57க்குத் திரும்பப் பெறப்பட்டது. இடையில் 78 நிமிடங்கள்தாம். அதற்குள் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் நீலத்திரையுடன் நின்றுபோயின என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. விமானங்கள் புறப்படவில்லை, மருத்துவமனைப் பணிகள் தடைப்பட்டன. இந்தியாவிலும் சில விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகளைக் கொடுத்தார்கள்.

காரணம் என்ன தெரியுமா? ஓர் எண்ணிக்கைப் பிழை! அந்தக் கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. நிரலோ 20 உள்ளீடுகளையே கொடுத்தது. இருபது பேருக்கு இலை போட்ட பந்தியில் இருபத்தொன்றாம் இலையைத் தேடிப் போனது போல, நிரல் தனக்குரிய இடத்தைத் தாண்டி நினைவகத்தைப் படிக்கப் போயிற்று. சாதாரண நிரல் இப்படிச் செய்தால் அது மட்டும் நிறுத்தப்படும். ஆனால் இந்தப் பாதுகாப்பு மென்பொருள், இயங்குதளத்தின் கருப்பகுதிக்குள் டிரைவராக அமர்ந்திருந்தது. வீட்டில் ஒரு விளக்கு கெட்டால் அந்த அறைதான் இருளும். மீட்டர் பெட்டியில் கோளாறு என்றால் வீடே இருளும் அல்லவா? அதைப் போன்றது இது.

இந்த நிகழ்ச்சியில் ஒரு முக்கியக் குறிப்பு இருக்கிறது. பாதிக்கப்பட்ட கணிப்பொறிகளில் புதியவையும் இருந்தன, பழையவையும் இருந்தன. குளிரூட்டிய அறையில் இருந்தவையும் இருந்தன. எல்லாம் ஒரே விதமாக விழுந்தன. மறுபடி போட்டாலும் மறுபடியும் அதே இடத்தில் விழுந்தன. அந்தக் கோப்பை அழித்தவுடன் எழுந்தன.

ஆகவே இதை ஒரு விதியாகக் கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே செயலைச் செய்யும்போது நின்றால் மென்பொருளைச் சந்தேகியுங்கள். ஒரு முறை ஐந்தாம் நிமிடத்தில், இன்னொரு முறை இருபதாம் நிமிடத்தில், வெவ்வேறு வேலைகளின்போது நின்றால் வன்பொருளைச் சந்தேகியுங்கள். இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. ஆயினும் தேடலைத் தொடங்க இது போதும்.

நிறுவும்போது உள்ளே நடப்பது என்ன?

பழம் விழுந்ததற்குக் காம்புதான் காரணம் என்றால், காக்கை வந்த அதே கணத்தில் ஏன் விழ வேண்டும்? தற்செயலா? எப்போதும் அப்படி அல்ல. மென்பொருளை நிறுவுவது, மடிக்கணினிக்கு நாம் கொடுக்கும் கடினமான வேலைகளுள் ஒன்று.

நிறுவும் கோப்பு, பயணத்துக்குத் துணிகளை அமுக்கிக் கட்டிய மூட்டை போன்றது. அதைப் பிரித்து விரிக்கப் பிராசசர் கடுமையாக உழைக்க வேண்டும். பிரித்த ஒவ்வொரு கோப்பும் சரிதானா என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் அவற்றை மறுபடியும் ஒவ்வொன்றாகச் சோதிக்கும். பிறகு ஆயிரக்கணக்கான கோப்புகளை வன்தட்டில் எழுத வேண்டும்.

இதனால் மூன்று பலவீனங்கள் வெளிப்படலாம்.

ஒன்று, வன்தட்டு. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் வன்தட்டு நிமிடத்துக்கு 5400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்கிறது. நீங்கள் வழக்கமாகப் படிக்கும் கோப்புகள் அதன் சில பகுதிகளில்தான் இருக்கும். புதிய மென்பொருள், பல ஆண்டுகளாகத் தொடாத பகுதிகளில் எழுதப்படலாம். அங்கே தேய்ந்த இடம் இருந்தால் அப்போதுதான் தெரியவரும். விருந்தாளிகள் வந்த அன்று பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால், கூரை ஒழுகுவது தெரிவது போல!

இரண்டு, நினைவகம். அதில் கோடிக்கணக்கான நுண்ணிய மின்தேக்கிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏற்ற மின்னூட்டம் கசிந்து போகாதபடி, பொதுவாக 64 மில்லி நொடிக்குள் ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. ஏதேனும் ஒன்று பழுதுபட்டிருந்தால், நினைவகம் நிரம்பும்வரை அது கண்ணில் படாமலே இருக்கலாம். நினைவகம் போதாவிட்டால் இயங்குதளம் வன்தட்டின் ஒரு பகுதியைக் கடன் வாங்கிக்கொள்ளும். நினைவகத்திலிருந்து ஒரு தகவலை எடுக்க ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரம் போதும். சுழலும் வன்தட்டுக்கோ நூறில் ஒரு பங்கு நொடி வேண்டும். ஒரு லட்சம் மடங்கு! ‘உறைந்துவிட்டது’ என்று நாம் நினைப்பது பல வேளைகளில் இந்தக் காத்திருப்புதான்.

மூன்றாவது, வெப்பம். இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஓம் விதி இங்கேயும் உண்டு

மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கினால் வருவது. இந்த ஓம் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். வெப்பத்துக்கும் இதே போன்ற கணக்கு உண்டு. மின்னோட்டத்துக்குப் பதில், நொடிதோறும் வெளியேற வேண்டிய வெப்பத்தை வாட் அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். மின்தடைக்குப் பதில் வெப்பத்தடை. இரண்டையும் பெருக்கினால், பிராசசர் அறையைவிட எத்தனை டிகிரி கூடுதலாகச் சூடாகும் என்பது கிடைக்கும்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். அறை வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். பிராசசர் சும்மா இருக்கும்போது 8 வாட், முழு வேலை செய்யும்போது 35 வாட். 35 வாட் என்பது சிறியதல்ல; மின்சுற்றில் ஈயம் பற்றவைக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னைவிட அதிகம்! அந்தச் சூட்டைச் செம்புக் குழாய் ஒன்று எடுத்துச் சென்று மெல்லிய உலோகச் செதில்களுக்குக் கொடுக்கிறது. சிறு விசிறி அந்தச் செதில்களின் இடையே காற்றை ஊதி வெளியேற்றுகிறது.

விசிறியும் செதில்களும் சுத்தமாக இருக்கையில் வெப்பத்தடை வாட்டுக்கு 1.5 டிகிரி என்போம். சும்மா இருக்கும்போது 30உடன் 12 சேர்த்து 42 டிகிரி. முழு வேலையில் 30உடன் 52.5 சேர்த்து 82.5 டிகிரி. கவலை இல்லை.

ஆண்டுகள் செல்கின்றன. செதில்களின் வாயில் தூசும் பஞ்சும் அடைந்து கம்பளம் போல் படிகின்றன. வெப்பத்தடை வாட்டுக்கு 2.5 டிகிரியாக உயர்கிறது. இப்போது சும்மா இருக்கும்போது 30உடன் 20 சேர்த்து 50 டிகிரி. உங்களுக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. கடிதம் எழுதலாம், பாட்டுக் கேட்கலாம். எல்லாம் நன்றாகவே நடக்கும். ஆனால் முழு வேலையில்? 30உடன் 87.5 சேர்த்து 117.5 டிகிரி!

பல மடிக்கணினிப் பிராசசர்களுக்கு 100 டிகிரிக்கு அருகில் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. அதை நெருங்கியதும் பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு தணியாவிட்டால், தான் கருகிப் போகாமல் இருக்க மின்சாரத்தையே துண்டித்துவிடும். திரை இருண்டது, மடிக்கணினி தன்னைக் காப்பாற்றிக்கொண்ட செயல்!

பழுது பல மாதங்களாக உள்ளே வளர்ந்துகொண்டே இருந்தது. சுமை ஏறிய அன்று வெளிப்பட்டது. நிறுவிய மென்பொருள் அந்தச் சுமையாக வந்தது, அவ்வளவுதான்.

ஒரு மாணவரின் மடிக்கணினி

எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர் இத்தகைய மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்தது அது. மின்சுற்று வரையும் மென்பொருள் ஒன்றை நிறுவும்போது பாதியில் அணைந்தது. அதன்பின் அடிக்கடி அணைந்தது. வன்தட்டை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக இயங்குதளத்தைப் போட வேண்டும் என்று ஒரு கடையில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அதில் அக்காவின் ஆய்வேடு இருந்தது. அவர்களுடைய பாட்டி பாடிய நடவுப் பாட்டுகளின் ஒலிப்பதிவும் இருந்தது. பாட்டி இப்போது இல்லை. வேறு பிரதியும் இல்லை.

எனவே முதல் வேலையாக, பென் டிரைவில் ஏற்றிய லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்டு மடிக்கணினியைத் துவக்கினோம். அப்படித் துவக்கினால் விண்டோஸ் எழுவதே இல்லை. பாட்டுகளையும் ஆய்வேட்டையும் வேறொரு தட்டுக்குப் பிரதியெடுத்த பிறகே ஆராய்ச்சியைத் தொடங்கினோம்.

முதல் சோதனை: லினக்ஸில் ஒன்றும் செய்யாமல் அரைமணி நேரம் விட்டுவைத்தோம். அணையவில்லை.

இரண்டாம் சோதனை: அதே லினக்ஸில், பை என்ற எண்ணின் தசம இலக்கங்களைக் கணக்கிடும் நிரலை ஒரே நேரத்தில் நான்கு பிரதிகளாக ஓட்டினோம். ஆறாம் நிமிடத்தில் அணைந்தது! சந்தேகத்துக்குரிய மென்பொருள் வன்தட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறது, விண்டோஸும் ஓடவில்லை. இருந்தும் அணைந்தது. ஆகவே குறைந்தது ஒரு பழுது மென்பொருளுக்கு வெளியே இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

மூன்றாம் சோதனை: ஆறவிட்டு, இரண்டு புத்தகங்களின் மேல் உயர்த்தி வைத்து, மேசை விசிறியின் காற்று அடியில் படும்படி செய்து அதே கணக்கை ஓட்டினோம். பத்தொன்பது நிமிடம் தாங்கியது. மாற்றியது காற்று ஒன்றைத்தான். மாறியதோ தாங்கும் நேரம். இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

விண்டோஸில் ‘ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்ற பதிவேடு உண்டு. எந்த நாளில் எது பழுதாயிற்று என்று அது தானாகவே குறித்துவைக்கும். அதைத் திறந்து பார்த்தோம். மென்பொருளை நிறுவுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, முறையாக மூடப்படாமல் அணைந்ததாக மூன்று குறிப்புகள் இருந்தன. “அது மின்கலம் பழசு என்பதால் என்று நினைத்தேன் சார்” என்றார் மாணவர். பனம்பழம் காக்கை வருமுன்பே ஆடிக்கொண்டிருந்திருக்கிறது!

பின்மூடியைக் கழற்றியபோது செதில்களின் முன்னே தூசு பஞ்சு மெத்தை போல் படிந்திருந்தது. அதை நீக்கி, பிராசசருக்கும் செம்புத் தகட்டுக்கும் இடையே காய்ந்து போயிருந்த தெர்மல் பேஸ்ட் எனும் வெப்பப் பசையையும் மாற்றினோம். மறுபடியும் பை கணக்கு. ஒரு மணி நேரம் ஆகியும் அணையவில்லை.

கதை இத்துடன் முடியவில்லை. விண்டோஸில் அந்த மின்சுற்று மென்பொருளைத் திறந்ததும், அது மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மூடிக்கொண்டது. ஏன்? நிறுவும்போது பாதியில் அணைந்ததால், அதன் கோப்புகள் அரைகுறையாக எழுதப்பட்டிருந்தன. அதை முழுதும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவினோம், சரியாயிற்று. வெப்பம் ஒரு பழுது. அது பெற்றெடுத்த குழந்தை இன்னொரு பழுது. கடையில் சொன்னபடி முதலிலேயே வன்தட்டை அழித்திருந்தால், பாட்டியின் குரல் போயிருக்கும். புதிய இயங்குதளத்தை நிறுவும் சுமையில் மடிக்கணினி மறுபடியும் பாதியில் அணைந்திருக்கவும் கூடும்.

சோதனை வரிசை

இதிலிருந்து நமக்கு ஒரு வரிசை கிடைக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும் என்பது பொன்விதி.

1. எதையும் தொடுமுன் முக்கியக் கோப்புகளைப் பிரதியெடுங்கள். விண்டோஸ் எழாவிட்டால் பென் டிரைவ் லினக்ஸ் உதவும்.

2. பதிவேட்டைப் பாருங்கள். முதல் மயக்கம் மென்பொருளை நிறுவியதற்கு முன்பா, பின்பா?

3. பென் டிரைவில் துவக்கிச் சும்மா விட்டுப் பாருங்கள். பிறகு சுமை கொடுத்துப் பாருங்கள். சுமையில் மட்டும் அணைந்தால் வெப்பத்தையும் மின்வழங்கலையும் சந்தேகியுங்கள்.

4. மெம்டெஸ்ட் போன்ற நினைவகச் சோதனை நிரலை ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரு பிழை தோன்றினாலும் நினைவகம் ஐயத்துக்குரியது. இரண்டு நினைவகப் பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

5. வன்தட்டு தன் நலத்தைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் என்னும் அறிக்கையைப் படித்துப் பாருங்கள். பழுதுற்ற பகுதிகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடினால், அந்தத் தட்டை இனி நம்ப வேண்டாம்.

6. இவை அனைத்திலும் தேறிவிட்டால், குற்றவாளி மென்பொருள்தான் என்ற முடிவுக்கு வரலாம்.

மென்பொருள் என்றால் என்ன செய்வது?

இயங்குதளத்தை அதன் இன்றியமையாத பகுதிகளுடன் மட்டும் எழுப்பும் ‘சேஃப் மோடு’ என்றொரு முறை உண்டு. விண்டோஸ் 7இல், துவங்கும்போது எஃப்8 விசையை அழுத்தினால் அது வரும். விண்டோஸ் 8உம் அதற்குப் பின் வந்தவையும் ஆயின், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, வரும் பட்டியலில் தேர்ந்தெடுக்கலாம். சேஃப் மோடில் மயக்கம் வரவில்லை என்றால், விட்டுவிடப்பட்ட பகுதிகளில் ஒன்றுதான் காரணம். அங்கிருந்தே புதிய மென்பொருளை நீக்கலாம். புதிய டிரைவரைத் தள்ளிப் பழையதைக் கொண்டுவரலாம். 2024 ஜூலையில் பல்லாயிரம் கணிப்பொறிகளை ஊழியர்கள் ஒவ்வொன்றாகச் சேஃப் மோடில் எழுப்பித்தான் அந்தக் கோப்பை அழித்தார்கள். ‘சிஸ்டம் ரெஸ்டோர்’ வசதியை முன்பே செயற்படுத்தி வைத்திருந்தால், மென்பொருளை நிறுவுவதற்கு முந்திய நிலைக்கே இயங்குதளத்தைத் திருப்பிவிடலாம்.

கணிப்பொறி துவங்கும்போது தாமாகவே எழும் நிரல்கள் 32 இருக்கின்றன, அவற்றுள் ஒன்று கோளாறு என்று வையுங்கள். ஒவ்வொன்றாகச் சோதித்தால் 31 முறை துவக்க நேரலாம். அதற்குப் பதில் பாதியை, அதாவது 16ஐ நிறுத்திவிட்டுத் துவக்குங்கள். மயக்கம் போய்விட்டால் குற்றவாளி அந்த 16க்குள். போகாவிட்டால் மற்ற 16க்குள். பிறகு 8, 4, 2, 1. ஐந்தே முறையில் அகப்பட்டுவிடும்! திருவிழாச் சீரியல் செட் விளக்குகளில் ஒன்று பழுதாகி வரிசை முழுவதும் அணைந்தால், மின்பணியாளர் வரிசையின் நடுவிலிருந்து சோதிப்பதும் இதே முறைதான். குற்றவாளி ஒன்றே என்றால்தான் இம்முறை ஐந்து படிகளில் முடியும் என்பதை மறவாதீர்கள்.

எச்சரிக்கை!

பெரியவர் ஒருவரின் துணையின்றி மடிக்கணினியைத் திறக்காதீர்கள். திறக்குமுன் சார்ஜரைப் பிடுங்கி, மின்கலத்தையும் கழற்றிவிடுங்கள். மின்கலம் உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றக்கூடும். பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். உங்கள் உடலில் சேர்ந்துள்ள நிலைமின்சாரம் உள்ளிருக்கும் சில்லுகளைக் கெடுக்கலாம்; ஆகவே சுவரில் பதித்த குழாய் போன்ற உலோகப் பொருளைத் தொட்ட பிறகே உள்ளே கைவையுங்கள். தூசை ஊதும்போது விசிறி சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். கழற்றிய திருகாணிகளை, எந்தத் துளையிலிருந்து வந்தவை என்று குறித்த தாளில் வரிசையாக வையுங்கள்.

இன்னொன்று. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14உடனும், விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14உடனும் நின்றுவிட்டன. பழைய மடிக்கணினிக்கு ஏற்ற இலகுவான லினக்ஸ் வகைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அறியாத இடங்களிலிருந்து மென்பொருளை இறக்கி நிறுவுவதை மட்டும் அறவே தவிருங்கள்.

அந்துப்பூச்சி தந்த பாடம்

கணிப்பொறிப் பழுதை ஆங்கிலத்தில் ‘பக்’, அதாவது பூச்சி என்று அழைக்கிறார்கள். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 என்ற மாபெரும் கணிப்பொறி தவறாக இயங்கியது. பணியாளர்கள் பகுதி பகுதியாகத் தேடிச் சென்று, ஒரு ரிலேயில் சிக்கியிருந்த உண்மையான அந்துப்பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். பொறியியலாளர்கள் ‘பக்’ என்ற சொல்லை அதற்கு முன்பே வழங்கி வந்தார்கள். 1878இல் எடிசன் எழுதிய கடிதத்திலேயே அது இருக்கிறது. ஆனால் மார்க் 2 பணியாளர்கள் செய்த ஒரு காரியம்தான் நமக்கு முக்கியம். அந்தப் பூச்சியைத் தூக்கி எறியாமல், குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தையும் இடத்தையும் எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்பேட்டை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் இன்றும் பாதுகாத்து வருகிறது.

நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். நாள், நேரம், என்ன செய்துகொண்டிருந்தோம், எப்படி நின்றது, எதை மாற்றினோம், மாற்றியபின் என்ன ஆயிற்று என்று ஆறு கட்டங்கள் போடுங்கள். பத்து வரிகள் சேர்ந்ததும் காரணம் தானே முகம் காட்டத் தொடங்கும். நெல் வயலில் பயிர் மஞ்சளிப்பதற்கும், சைக்கிள் சங்கிலி அடிக்கடி கழல்வதற்கும், கிணற்று மோட்டார் திணறுவதற்கும் இதே ஆறு கட்டங்கள் போதும்.

சிந்தித்துப் பாருங்கள்

1. ஒரு மடிக்கணினி மே மாதத்தில் மட்டும் அணைகிறது, டிசம்பரில் அணைவதில்லை. மேலே சொன்ன கணக்கில் அறை வெப்பநிலையை 40 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். என்ன தெரிகிறது?

2. ஒரு மடிக்கணினியில், சார்ஜர் செருகியிருந்தால் அணைவதில்லை. மின்கலத்தில் மட்டும் ஓடும்போது அணைகிறது. எதைச் சந்தேகிப்பீர்கள்? ஒரே ஒரு மாற்றத்துடன் அதை எப்படி உறுதி செய்வீர்கள்?

3. தானாக எழும் நிரல்கள் 100 இருந்தால், பாதி பாதியாகப் பிரிக்கும் முறையில் அதிகபட்சம் எத்தனை முறை துவக்க வேண்டியிருக்கும்?

விடைகளை ஆசிரியரிடமும் நண்பர்களிடமும் கலந்து பேசுங்கள். வீட்டு அலமாரியில் ‘கெட்டுப்போனது’ என்று தூங்கும் மடிக்கணினி இருந்தால், இந்த விடுமுறையில் அதை ஆராய்ந்து பாருங்களேன்!